சீசன் முடிந்து வந்தவள்

– சட்டியைத் திறந்து பாத்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

– துண்டு மாத்தப் போனேங்க.

– துண்டை எங்க, சட்டிக்குள்ளயா காயப்போட்டிருந்தா?

– கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. ஆமா, திறந்தேன். என் வீட்டுச் சட்டி, என் வீட்டு அடுப்பு. திறந்தா என்ன குடி முழுகிப்போச்சு?

– வாடகைக்கு விட்டாச்சு. அவ தங்கற வரைக்கும் அது அவ வீடு. அடுப்பும் பாத்திரமும் தர்றோம், சமையலை நீங்களே பாத்துக்கங்கன்னு சொல்லித்தானே விடறோம்? அவ பாத்துக்கறா. நீ எதுக்கு உள்ள போற? பாதியில அவ திரும்பி வந்திருந்தா?

– வரமாட்டா. கடற்கரைப் பக்கம் இறங்கிப் போனதை நம்ம ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன்.

– அடேங்கப்பா. இன்ஸ்பெக்டரம்மா முன்னேற்பாட்டோடதான் போயிருக்காங்க.

– சிரிங்க, நல்லாச் சிரிங்க. கல்யாணமான நாள்லருந்து நான் சொன்ன எதைத்தான் நீங்க காதுல வாங்கினீங்க? எனக்கென்னவோ அவ லீவுக்கு வந்தவ மாதிரியே தெரியல. சீசன் முடிஞ்சு போச்சு. கடைங்கள்ல பாதி பூட்டியாச்சு. காத்து ஆளையே தள்ளுது. இந்த நேரத்துல ஒத்தைப் பொம்பளைக்கு இந்தத் தீவுல என்ன வேலை?

– அமைதியா இருக்கலாம்னு வந்திருப்பா.

– அமைதியா இருக்க வந்தவ கடைக்காரர்கிட்ட என்ன கேட்டிருக்கா தெரியுமா? இங்க பள்ளிக்கூடம் எத்தனாவது வரைக்கும் இருக்கு, நர்ஸம்மா அக்கரையிலருந்து என்னைக்கெல்லாம் வருவாங்கன்னு கேட்டிருக்கா. லீவுக்கு வந்தவளுக்கு நர்ஸம்மா எதுக்குங்க?

– தலைவலி வந்தா மாத்திரை வாங்கத்தான்.

– அப்போ பள்ளிக்கூடம் எதுக்கு? மாத்திரை அட்டையை எழுத்துக்கூட்டிப் படிக்கவா?

– சரி, விடு. பேச்சுக்குக் கேட்டிருப்பா.

– பேச்சுக்கா? என்கிட்ட கேட்டதைக் கேளுங்க. விரிப்பு குடுக்கப் போனேன். 'உங்களுக்குக் கோபம் வந்தா எத்தனை நாள் பேசாம இருப்பீங்க ஆன்ட்டி'ன்னு கேக்கறா. வாடகைக்கு வந்தவ கேக்கற கேள்வியா இது? வெந்நீர் வருதா, தண்ணி வருதான்னு கேளு. என் கோபத்தைக் கேட்டு உனக்கு என்ன ஆகணும்?

– நீ என்ன சொன்ன?

– எனக்குக் கோபமே வராதுன்னு சொன்னேன்.

– நம்பிட்டாளா?

– வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சா. அதுவே எனக்குப் பிடிக்கல.

– பாவம், நல்ல பொண்ணுதான். விடுவியா.

– நல்ல பொண்ணா? பின்னால இருக்கற சின்ன அறையை அடி வெச்சு அளந்துக்கிட்டிருந்தா. என் கண்ணால பாத்தேன். அப்புறம் அந்த சமையலறை நிலைப்படி. இதுவரைக்கும் அந்த வீட்டுக்கு வந்தவங்கள்ல ஒருத்தராவது முதல் நாள் அதுல மண்டையை இடிச்சுக்காம இருந்திருக்காங்களா? இவ பையைக் கூட கீழ வெக்கல, அழகாக் குனிஞ்சு உள்ள போறா.

– உயரம் கம்மியா இருப்பா.

– என்னைவிட ஒரு தலை உயரம்! வந்து இறங்கினப்போ பக்கத்துலயேதானே நின்னீங்க? யாரோ எல்லாத்தையும் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்காங்க. சட்டியில என்ன இருந்துதுன்னு நீங்க கேக்கவே இல்லையே?

– கேட்டா நானும் திருட்டுக்குக் கூட்டு ஆயிடுவேனேன்னு பாத்தேன்.

– மீன். அதுல பச்சை ஆப்பிள் அரிஞ்சு போட்டிருக்கா. இந்தத் தீவுல மீனுக்கு ஆப்பிள் போடறவ நான் ஒருத்திதான். ஊரே என்னைக் கேலி பண்ணும். இவளுக்கு யாருங்க சொன்னது?

– எங்கயாவது புத்தகத்துல படிச்சிருப்பா.

– நான் சொல்லட்டுமா? அக்கரையில பெரிசா ஓட்டல் கட்டறானே, அவனோட ஆளு இவ. அறையை அளக்கறா, ஊரை விசாரிக்கறா, கடைசியில என் கைப்பக்குவத்தையும் விட்டு வெக்கல. அந்த வீட்டை வளைச்சுப் போடத்தான் வந்திருக்கா.

– கற்பனைக்கும் ஒரு அளவு வேணும்.

– இருங்க, நான் இன்னும் முடிக்கல. இதுல நீங்களும் கூட்டு.

– நானா?

– நீங்கதான். யாராவது வீடு கேட்டா, குடுக்கலாமா வேணாமான்னு என்கிட்ட பத்து தடவை கேப்பீங்க. இவ விஷயத்துல மட்டும் போன் வந்ததும் தோட்டத்துக்குப் போய் நின்னு பேசினீங்க. எனக்குத் தெரியாம புது மெத்தை விரிப்பு வந்துது. அவ படகுலருந்து இறங்கினப்போ குடையைத் தூக்கிக்கிட்டு ஓடினீங்க. எனக்கு ஒரு நாளாவது குடை பிடிச்சிருக்கீங்களா?

– மழை பலமா இருந்துது.

– எனக்கு மட்டும் வெயில்லயே பொழுது போச்சா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. அந்த வீட்டை விக்கறதுக்கு யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா?

– சத்தியமா இல்ல.

– அப்போ வேற என்னமோ மறைக்கிறீங்க.

– இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க. சாயங்காலப் படகு வரட்டும். அப்புறம் என்ன கேட்டாலும் சொல்றேன்.

– அதானே பாத்தேன்! சாயங்காலப் படகுல யாரு வர்றா? ஓட்டல்காரனா? பத்திரத்தையும் கையோட எடுத்துக்கிட்டு வர்றானா?

– கத்தாத. வாசல்ல நிக்கறா பாரு.

– உள்ள வரலாமா ஆன்ட்டி? தீப்பெட்டி நமத்துப் போச்சு. எத்தனை குச்சி கிழிச்சாலும் அடுப்பு பத்த மாட்டேங்குது.

– வாம்மா. உன்னைப் பத்திதான் பேசிட்டிருந்தோம். இனிமே நீ அடுப்பு பத்த வைக்க வேணாம். சாமானை எடுத்து வை. சாயங்காலப் படகுல கிளம்பிடு.

– ஏய், என்ன பேச்சு இது?

– நீங்க சும்மா இருங்க.

– நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா ஆன்ட்டி?

– ஒண்ணும் பண்ணல. அதான் என் சந்தேகமே. பாத்திரத்தைப் பளபளன்னு தேச்சு வெச்சிருக்க. ஒழுகின குழாயை நீயே துணி சுத்திக் கட்டியிருக்க. குப்பையைக்கூட பிரிச்சுப் போட்டிருக்க. வாடகைக்கு வந்தவ எவளும் இப்படி இருந்து நான் பாத்ததில்ல. நீ யாரு? உன்னை யாரு அனுப்பினா?

– உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்தான் அனுப்பினாரு. அதுக்கு மேல இப்போ என்னால சொல்ல முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க.

– கேட்டீங்களா? அவ வாயாலயே வந்துடுச்சு! நீயா எடுத்து வைக்கறியா, நான் வந்து எடுத்து வைக்கட்டுமா?

– கொஞ்சம் பொறும்மா. இவ கோபத்துல பேசறா. நான்...

– நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அங்கிள். அப்படித்தானே பேச்சு? நான் கிளம்பறேன்.

– என்ன பேச்சு? இவளுக்கும் உங்களுக்கும் என்னங்க பேச்சு? சரி, ரெண்டு பேரும் வாயைத் திறக்க வேணாம். நானே கூட வந்து படகுத்துறையில விட்டுட்டு வரேன். நீ ஏறி உக்கார்றதை என் கண்ணால பாக்கணும்.

– நானும் வரேன்.

– வாங்க வாங்க. குடையை மறந்துடாதீங்க.

– பாத்து நடம்மா, இந்தப் படகுத்துறைப் பலகையெல்லாம் பாசி பிடிச்சு வழுக்கும்.

– சரி அங்கிள்.

– அவகிட்ட என்ன குழையறீங்க? ஏம்மா, பையைக் குடு இப்படி. நீ ஆடி அசைஞ்சு போய்ச் சேர்றதுக்குள்ள படகு போயிடும்.

– நானே தூக்கிக்கறேன் ஆன்ட்டி.

– குடுன்னா குடு. யப்பா, என்ன இந்தக் கனம் கனக்குது? வீட்டுச் சுவத்தைப் பேத்து எடுத்துட்டுப் போறியா?

– ஒண்ணு கேக்கலாமா ஆன்ட்டி? வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் விரிப்புத் துவைச்சு, தரை துடைச்சு, நீங்களும் ரொம்பக் கஷ்டப்படறீங்க. ஏன் அந்த வீட்டை வித்துட்டு நிம்மதியா இருக்கக் கூடாது?

– வந்துட்டா பாரு விஷயத்துக்கு! போய் உன்னை அனுப்பினவன்கிட்ட சொல்லு. அது என் பையனுக்குக் கட்டின வீடு. பூட்டிப் போட்டா கடல் காத்துல கதவுகூட மிஞ்சாது. அதனாலதான் ஊரான் வந்து தங்கினாலும் பரவால்லன்னு விடறேன். வித்துட்டா, அவன் வந்தா எங்க படுப்பான்?

– எங்க இருக்காரு அவரு?

– தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கறேன்? ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்குன்னான். நான் அவனுக்குத் தெரியாம அக்கரைக்குப் போய், அவ குடியிருக்கற தெருவுல, அவ முகத்தைக்கூடப் பாக்காம, நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். அவ காதுக்குப் போயிடுச்சு. பெத்தவ விசாரிக்கக் கூடாதா? 'உனக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாதும்மா, என் மேலயும்தான்'னு சொல்லிட்டுப் போனவன். அதோட சரி. ஒரு போன் கிடையாது.

– திரும்பி வந்தா என்ன செய்வீங்க?

– முதல்ல ஓங்கி ஒரு அறை விடுவேன். அப்புறம் கட்டிக்கிட்டு அழுவேன். வேற என்ன செய்யறது? படகுச் சத்தம் கேட்டா இன்னிக்கும் கைவேலையைப் போட்டுட்டு வந்து எட்டிப் பாக்கறேன். இவர்கூட கிண்டல் பண்ணுவாரு.

– நான் எப்போ கிண்டல் பண்ணேன்?

– அந்தப் பொண்ணும் அவர்கூட வந்தா?

– வந்தா வரட்டும். நான் என்ன அவளைக் கடிச்சா தின்னப்போறேன்? ஆனா ஒண்ணு. எப்படிப்பட்டவன்னு பாக்காம ஒருத்தியை எப்படிம்மா வீட்டுக்குள்ள விடறது? நீயே நியாயத்தைச் சொல்லு.

– நியாயம்தான். அவளும் அதையேதான் சொன்னா.

– எவ?

– எப்படிப்பட்டவங்கன்னு பாக்காம அந்த வீட்டுக்கு எப்படி வாழப் போறதுன்னு அவளுக்கும் பயமா இருந்துது. அதனாலதான் சீசன் முடிஞ்சதும் வாடகைக்கு வீடு எடுத்துக்கிட்டு முதல்ல தனியா வந்தா.

– ஏங்க, இவ என்னங்க சொல்றா?

– காதுல விழுந்ததைத்தான் சொல்றா.

– உங்களுக்குத் தெரியுமா?

– தெரியும். தோட்டத்துல நின்னு பேசினது நம்ம பையன்கிட்டதான். உன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாலும் வரமாட்டேன்னுட்டான். நான் என்ன பண்றது? வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன்.

– நான்... இவளை... கடவுளே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்?

– படகு வந்துடுச்சு. அதோ முன்னால நிக்கறது அவருதான். நான் வெறுங்கையோட நின்னா தங்கலாம்னு அர்த்தம், அவரு இறங்கி வருவாரு. பையோட நின்னா இறங்காம என்னையும் ஏத்திக்கிட்டு அப்படியே திரும்பிடறதுன்னு பேசி வெச்சிருக்கோம். இப்போ பை உங்க கையில இருக்கு. நான் என்ன செய்யட்டும் அத்தை?

– ஏங்க, மரமாட்டம் நிக்காம முன்னால வந்து என்னை மறைச்சு நில்லுங்க, இந்தப் பை அவன் கண்ணுல பட்டுடப்போகுது!