கூனல் பாலம் தாண்டி

ஷூச்சின்: மெதுவா ஏறுய்யா. விவாகரத்து வாங்கத்தானே போறோம், விருந்துக்கா?

யூன்ஷெங்: நீதானே காலையிலேருந்து கிளம்பு கிளம்புன்னு குதிச்சே?

ஷூச்சின்: சூச்சோ ஊரு முழுக்கப் பாலம். உனக்கு இந்தக் கூனல் பாலந்தான் கிடைச்சுதா? படியெல்லாம் வழுக்குது... கையைக் குடு.

யூன்ஷெங்: பிரியப்போற பொம்பளைக்குக் கையா?

ஷூச்சின்: பிரியறது பாலம் இறங்கினப்புறம். இப்பக் குடு.

யூன்ஷெங்: ம்... ஆ! நகம், நகம்!

ஷூச்சின்: எந்தப் புண்ணியவான் இதை இவ்வளவு உசரமாக் கட்டினான்?

யூன்ஷெங்: அடியில படகு போக வேணாமா? உன் கோவத்துக்கு முன்னால இது குட்டைதான்.

ஷூச்சின்: என் கோவமா? என் தங்கச்சி முன்னாடி, மீனு ஒரே உப்புன்னு சொன்னது யாரு?

யூன்ஷெங்: உப்புதான். அதுக்காகத் தட்டோட கால்வாயில வீசுவாங்களா?

ஷூச்சின்: மீனு அதோட ஊருக்குப் போகட்டும்னு விட்டேன்.

யூன்ஷெங்: தட்டுக்கு எந்த ஊரு?

ஷூச்சின்: சிரிக்காதே... மீனுக்காகவா நான் பிரியலாம்னு சொன்னேன்? அன்னியிலேருந்து நீ வாயே திறக்கலையே. சுவத்தோட பேசிட்டிருந்தேன்யா நான்.

யூன்ஷெங்: ...

ஷூச்சின்: பாத்தியா, மறுபடியும்!

யூன்ஷெங்: இல்லடி... எதைச் சொன்னாலும் தப்பாயிடுமோன்னு...

மணப்பெண்: தாத்தா, பாட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? நேத்துதான் எங்களுக்குக் கல்யாணம். ஒரு போட்டோ எடுத்துக்கறோம். நீங்களும் எங்களை மாதிரி ராசிக்காக ஜோடியாப் பாலம் கடக்கவா வந்தீங்க?

யூன்ஷெங்: விவாகரத்துக்குப் போறோம்மா.

மணப்பெண்: கையைக் கோத்துக்கிட்டா?

ஷூச்சின்: வழுக்குதும்மா! நீ போய் நில்லு... கல்யாணச் சிவப்பு உனக்கு அம்சமா இருக்கு.

யூன்ஷெங்: உனக்கும் நம்ம கல்யாணத்தன்னிக்கு அம்சமாத்தான் இருந்துச்சு.

ஷூச்சின்: ...இதை வீட்டுல சொன்னா வாய் வலிக்குமா? சரி சரி, இறங்கு. அதோ, விவாகரத்துப் பதியற ஆபீஸ் தெரியுது.

யூன்ஷெங்: பூட்டியிருக்கே.

ஷூச்சின்: ஐயையோ! இன்னிக்கு ஞாயித்துக்கிழமையில்ல? மறந்தே போச்சுய்யா.

யூன்ஷெங்: மறந்துட்டியா?

ஷூச்சின்: வயசாச்சில்ல?

யூன்ஷெங்: நீயா மறந்தே?

ஷூச்சின்: சரி... காலண்டரைப் பாத்துட்டுத்தான் இன்னிக்குப் போலாம்னேன். சிரி, நல்லாச் சிரி! உனக்கு ஞாபகம் இருந்துச்சுல்ல? கிளம்பும்போதே சொல்லக்கூடாதா?

யூன்ஷெங்: சொன்னா நீ வீட்டுலயே உக்காந்துடுவியே. எனக்குத்தான் பேச வராது, உன்கூட நடந்தாவது வரலாமேன்னு... வாயை மூடிட்டு வந்தேன்.