சாய்ந்துகொண்டால் ஆடாது

கேமராவைக் கையில் பிடித்து எடுக்கும்போது படம் ஆடாமல் இருக்கப் பெரிய வித்தையெல்லாம் வேண்டாம், சார். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். பொத்தானை வெடுக்கென்று அமுக்காமல் மெதுவாக அழுத்த வேண்டும். முதுகுக்குச் சுவரோ தூணோ கிடைத்தால் இன்னும் நல்லது. என் ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வந்த எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்வேனே தவிர, எனக்குக் கை நிற்காது.

என் மனைவியின் தம்பிக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறு கையால் எடுப்பான். இமை முடியை எண்ணலாம். கடைக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்தே, "தம்பி இல்லையா? அப்ப நாளைக்கு வர்றோம்" என்பார்கள். கடை என்னுடையது, சார். வீட்டில் என் மனைவி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். "என் தம்பி எடுத்தா நான் அழகா இருக்கேன். இவரு எடுத்தா என்னையே எனக்கு அடையாளம் தெரியல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வயிறு எரிந்தது உண்மைதான். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அதை வருத்தம் என்றுதான் சொல்வேன்.

அன்று, கட்டி முடியாத அடுக்குமாடி ஒன்றில் வேலை. மேல்மாடி வீட்டின் கூடத்தை விளம்பரத்துக்குப் படமெடுக்க வேண்டும். மைத்துனன் விளக்குகளை எடுத்துவரக் கீழே போயிருந்தான். பால்கனியில் கைப்பிடிக் கம்பி பொருத்துகிறவர் என்னிடம், "சார், கம்பி சும்மா நிக்க வெச்சிருக்கு. இன்னும் வெல்டிங் அடிக்கல. யாரும் சாஞ்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் சொல்லவே இல்லை என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். சொன்னார். அவரை விட்டுவிடுங்கள்.

மைத்துனன் மேலே வந்து, பால்கனியில் நின்று, கூடத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்தான். திரையில் பெரிதாக்கிக் காட்டினான்.

"எப்படி மாமா?"

டைல்ஸ் இடுக்குகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"லேசா ஆடியிருக்கு மாப்ள" என்றேன்.

"எனக்கா? ஆடாதே."

"உள்ள வெளிச்சம் கம்மி. பின்னால சாஞ்சுக்கிட்டு எடு."

என் பேச்சை அவன் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அன்று போட்டுக்கொண்டான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். முழங்கைகளை ஒட்டிக்கொண்டான், மூச்சைப் பாதி விட்டான், மெதுவாகச் சாய்ந்தான். நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே, ஒரு பிசகும் இல்லாமல்.

நான் தள்ளவில்லை, சார். என் விரல்கூட அவன்மேல் படவில்லை. ஆனால் அவன் விழவேண்டும் என்றுதான் சாயச் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இப்போது அவன் படம் மாட்டியிருக்கிறது. ஊரையெல்லாம் எடுத்தவனுக்குத் தன் படம் என்று ஒன்றுமில்லை. எப்போதோ நான் எடுத்தது ஒன்றுதான் கிடைத்தது. முகம் ஆடிக் கலங்கலாகத்தான் இருக்கிறது. என் மனைவி நாள் முழுக்க அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். என் பக்கம் திரும்புவதே இல்லை. அது தாங்காமல்தான் இங்கே வந்தேன். அந்தப் படத்தை எடுத்தது நான்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வந்திருக்கவே மாட்டேன்.