ரெண்டு வாய் காபி

ஐயோ, எந்திரிக்காதீங்க தம்பி, படுங்க படுங்க. வாயத் திறக்கவே வேணாம். உதட்டு வீக்கம் வடியற வரைக்கும் பேசக்கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க, மூக்குல குழாய் வேற. நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, பேசறத நான் பாத்துக்கறேன். முப்பது வருஷமா பஸ் ஓட்டறேன், ஆளு பதில் சொல்றாரா இல்லையான்னு திரும்பிப் பாக்காமப் பேசிப் பழக்கம்தான்.

என் மக வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. எனக்கு முகங்குடுத்துப் பேசல. பொண்ணு கேட்டு வந்தவர இப்படிப் படுக்க வச்சுட்டீங்களே, வேணும்னுதான பண்ணீங்கங்கறா. அப்பா மேல தப்பில்லன்னு நீங்க உங்க வாயால சொன்னாத்தான் வீட்டுக்கே வருவாளாம். உங்க வாய் இருக்கற லட்சணத்துல... சரி சரி, சிரிக்காதீங்க, வலிக்கும்.

நான் வேணும்னு பண்ணுவேனா? எனக்கும்தான் பால் ஆகாது தம்பி. காலைல ஒரு டம்ளர் காபியக் குடிச்சுட்டு வண்டிய எடுத்தா, நாலாவது ஸ்டாப்புல வயிறு கியர் மாத்தும். ஏழாவது ஸ்டாப்பு தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். ஓரங்கட்டிட்டு ஒரே ஓட்டம். எஞ்சின் சூடாயிடுச்சுன்னு கண்டக்டரு சமாளிப்பாரு. பாவம், அவரு எத்தன நாளைக்குத்தான் அந்த எஞ்சின் மேலயே பழியப் போடுவாரு?

அப்புறம் ஒரு டாக்டர் கண்டுபிடிச்சாரு. பால்ல லாக்டோஸுன்னு ஒரு சர்க்கரை இருக்காம். அதச் செரிக்க வைக்கிற சமாச்சாரம் என் குடல்ல குறைஞ்சு போச்சாம். அதான் உப்புசம், கடமுடா, ஓட்டம் எல்லாம். அந்தச் சர்க்கரைய முன்னாடியே உடைச்சுட்ட பால் பாக்கெட்டுல வருதே, வாங்கிப் பாருங்கன்னாரு. வாங்கிக் காபி போட்டுக் குடிச்சுட்டு, வயித்து மேல கைய வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஒரு சத்தம் இல்ல. அழுதுட்டேன் தம்பி, நெசமா.

அதனாலதான் இன்னைக்கு நீங்க சோபா நுனியில உக்காந்துக்கிட்டு, எனக்குப் பால் ஆகாதுங்கன்னு இழுத்தீங்க பாருங்க, எனக்குத் தலகால் புரியல. அட, நம்ம கட்சின்னு நெனச்சேன். மக உள்ள போன்ல பேசிட்டு இருந்தா. அவ வந்து பாக்கறதுக்குள்ள, உங்களுக்கு ஆகாததெல்லாம் இதுல எடுத்தாச்சு, தைரியமா குடிங்கன்னு நீட்டிட்டேன். என்ன? சோயாப் பால்னு நெனச்சீங்களா? அதான பாத்தேன். பொண்ணோட அப்பன் நீட்டற டம்ளர, இது என்ன பாலுன்னா கேக்க முடியும்!

ரெண்டு வாய். ரெண்டே வாய்தான். அதுக்குள்ள உதடு பன்னு மாதிரி ஆயிடுச்சு. நான் என்ன பண்ணேன்? கேஸ்தான், ஏப்பம் வந்தா சரியாப் போயிடும்னு முதுகுல தட்டுனேன். ஆமா, அந்த வலி நான்தான். மன்னிச்சுக்கங்க. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா எழும்பி, மூச்சு விசிலடிக்கவும்தான் எனக்கு அல்லு விட்டுப் போச்சு. மக ஓடியாந்து உங்க பையில அவசரத்துக்கு வச்சிருக்கற ஊசிய எடுத்து உங்க தொடையில குத்தறா. புள்ளைக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நான் அவ கையப் புடிக்கப் போனேன். நல்லவேளை, என்னைத் தள்ளிவிட்டா.

டாக்டரம்மா என்னை வாசல்லயே நிக்க வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. ஐயா, உங்களுது செரிமானக் கோளாறு, மானம்தான் போகும். இவருது அலர்ஜி, உசிரே போகும். இவரு உடம்பு பால்ல இருக்கற புரதத்தத் திருடன்னு நெனச்சு ஊரக் கூட்டுது. சர்க்கரைய உடைச்சா புரதம் எங்கய்யா போகும், அது பாட்டுக்கு அப்படியேதான இருக்கும்னாங்க. எனக்குக் கொஞ்சம் தயிரு தாங்கும். உங்களுக்குப் பால் கலக்குன கரண்டியக் கழுவாமப் போட்டாலே வம்பாமே! நம்ம வீட்டுல உங்களுக்குன்னு தனிக் கரண்டி, தனி டம்ளரு, எல்லாம் நானே வாங்கி வச்சுடறேன்.

மணி பாக்காதீங்க. அடங்குன அலர்ஜி திரும்பக் கிளம்பலாமாம், சாயங்காலம் வரைக்கும் இங்கதான்.

என்னது? பெத்த மகளே ஏன் நம்பமாட்டேங்கறாங்கறீங்களா? அது வந்து தம்பி... ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க டெப்போவுக்கு ஒரு புகார் வந்துச்சு. ஓட்டுநர் தினந்தோறும் பேருந்தை நடுவழியில் நிறுத்திவிட்டு மாயமாகிவிடுகிறார், இதன் மர்மம் என்னவென்று விசாரிக்கவும்னு. கீழ பேரு, விலாசம், கையெழுத்து. கண்ண உருட்டாதீங்க, மெஷின் கத்துது. மக உங்க பேரச் சொன்ன அன்னைக்கே அது நீங்கதான்னு எனக்குத் தெரியும். நேத்துதான் அவகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன், சொல்லித் தொலைச்சிருக்க வேணாம். அந்தக் கடுதாசியால மூணு நாள் என்னை சஸ்பெண்ட் பண்ணாங்க. அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்னு நான் வீட்டுல குதிச்சதும் நெசந்தான்.

ஆனா அந்த மூணு நாள்லதான டாக்டரப் போய்ப் பாத்தேன்? லீவு கிடைக்கலன்னா இன்னும் அந்தப் பங்க்குக்குத்தான் ஓடிக்கிட்டு இருப்பேன். அதுக்கு நன்றி சொல்லத் தெரியாமதான், யாருக்கும் காபி போட்டுக் குடுக்காதவன் உங்களுக்கு என் கையால போட்டேன். இதச் சொன்னா அவ நம்பணுமே!

இந்தாங்க பேனா. இந்தச் சீட்டுக்குப் பின்னாடி எழுதுங்க. மாமா வேணும்னு பண்ணலன்னு. அன்னைக்கு மாதிரி ரெண்டு பக்கமெல்லாம் வேணாம் மாப்பிள்ள, ஒரு வரி போதும்.