ஆணியில் தொங்கிய அட்டை

தலைமை ஏற்றிருக்கும் காரைக்கால் பழைய கார் உரிமையாளர் சங்கத் தலைவர் சவியே ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அல்லி அண்ணி அவர்களே, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

நான் கார்முகில். கோட்டுச்சேரி சாலையில் உள்ள ஷெட்டில் சோமசேகரன் அண்ணனுக்குப் பத்தொன்பது வருஷம் கூட்டாளியாக இருந்தவன். போன செவ்வாய்க்கிழமை அந்த ஷெட்டில்தான், கையில் ஸ்பானரோடு, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

பேனரில் அவருக்குக் ‘கிளட்ச் வேந்தர்’ என்று பட்டம் போட்டிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த ஆறு வருஷத்தில் இந்தச் சங்கத்திலிருந்து எத்தனை பேர் அந்த வேந்தரிடம் காரைக் கொண்டுவந்தீர்கள்? நிலக்கரி லாரிகளுக்குக் கிளட்ச் மாட்டித்தானே அவர் காலம் தள்ளினார்? கோபித்துக்கொள்ளாதீர்கள். குற்றம் உங்களுடையது அல்ல. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

அவர் வேலை செய்த விதம் உங்களுக்குத் தெரியும். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அசல் கிளட்ச் எங்கே கிடைக்கிறது? வேறு கம்பெனி செய்ததைத்தான் தேடி வாங்க வேண்டும். “பொருந்தும்னு கேட்லாக் சொன்னா போதுமா? கார் சொல்லணும்ல?” என்பார். நாள்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் அந்தக் காரின் ஃப்ளைவீலை, அதாவது கிளட்ச் பிளேட் அழுந்தி உட்காரும் எஞ்சின் சக்கரத்தை வைத்து, ஒவ்வொரு போல்ட் துளையையும் பென்சிலால் வரைவார். விட்டம், உயரம், பல் எண்ணிக்கை, எந்த கிளட்ச் பிளேட் ஆகும், எது ஆகாது, எல்லாம் அதில் இருக்கும். ஒரு பக்கம் சாமி படம், மறுபக்கம் ஃப்ளைவீல். இங்கே இருக்கும் ஒவ்வொருவர் காருக்கும் ஒரு அட்டை எங்கள் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அட்டையைப் பார்க்காமல் அவர் ஒரு போல்ட்கூட முடுக்கியதில்லை.

ஃபிரெடெரிக் ஐயா அங்கே அமர்ந்திருக்கிறார். அவருடைய சிவப்புக் காரின் அசல் ஃப்ளைவீல் இரண்டு அடுக்கு. நடுவே ஸ்பிரிங் இருக்கும், எஞ்சினின் உதறலை அது வாங்கிக்கொள்ளும். அது போய்விட்டது, மாற்று கிடைக்கவில்லை. ஒற்றை இரும்பில் செய்த ஃப்ளைவீலை வரவழைத்தோம். அப்படி மாற்றினால், ஸ்பிரிங் கிளட்ச் பிளேட்டில் இருந்தே ஆக வேண்டும். அண்ணன் இதை அட்டையில் எழுதி வைத்திருந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, அந்தக் காருக்குக் கிளட்ச் மாட்ட வேண்டிய நாள். மறுநாள் சங்கத்தின் திருநள்ளாறு கார் ஊர்வலம். அண்ணியின் கண் அறுவைக்காக அண்ணன் புதுச்சேரி போயிருந்தார். ஸ்பிரிங் இல்லாத பழைய வகை பிளேட் ஒன்று அலமாரியில் இருந்தது. அந்தக் காருக்கான எண்தான் பெட்டியில் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். எடுத்து மாட்டினேன். அட்டையை ஆணியிலிருந்து கழற்றக்கூட இல்லை.

மறுநாள் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். கார் உதறி உதறி, கியர்பாக்ஸ் உடைந்து, நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த வேன் இடித்தது. ஐயாவோடு காரில் இருந்த அவர் மனைவி ஆலிசியா அம்மாவின் வலது கை முறிந்தது. இன்றும் அவர் கை முழுதாக மடங்குவதில்லை.

அண்ணன் திரும்பி வந்து அந்த பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அட்டையப் பாத்தியா?” என்றார். “பாத்தேண்ணே” என்றேன். பொய். பிளேட்டை மேசையில் வைத்தார். ஃபிரெடெரிக் ஐயா வந்து, யார் மாட்டியது என்று கேட்டபோது, “எங்க ஷெட்டு வேலைங்க. பொறுப்பு என்னோடதுங்க” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை. அன்று மட்டுமா? ஆறு வருஷம் திறக்கவில்லை. சங்கத்தில் அவருக்கு இருந்த ஆலோசகர் பதவியை நீங்கள் பறித்த கூட்டத்திலும் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அட்டைப் பக்கம் போகவே எனக்குக் கூசும். அடக்கம் முடிந்த மறுநாள்தான் அதைக் கழற்றிப் பார்த்தேன். பழைய எழுத்துக்குக் கீழே, அவர் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. “ஸ்பிரிங் பிளேட்டுக்குச் சொல்லியாச்சு. கார்முகில்தான் மாட்டணும்.” கீழே தேதி. நான் பொய் சொன்ன நாளுக்கு மறுநாள்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்றைக்காவது அந்த அட்டையைப் பார்ப்பேன் என்று காத்திருந்திருக்கிறார். நான் பார்க்கவில்லை, தோழர்களே.

அவர் வரவழைத்த அந்த ஸ்பிரிங் பிளேட் அலமாரியில் எண்ணெய்த் தாள் பிரிக்காமல் இருக்கிறது. ஃபிரெடெரிக் ஐயா, உங்கள் கார் தார்ப்பாய்க்கு அடியில் நிற்பது தெரியும். இதைக் கேட்ட பிறகும் மனம் வந்தால் அனுப்புங்கள். அனுப்பாவிட்டாலும் அந்த அட்டை அங்கேயே இருக்கும். எங்கள் சுவரில் உள்ள ஒவ்வொரு அட்டையையும் படித்த பிறகே இனி அந்த ஷெட்டில் வேலை நடக்கும் என்று அண்ணியின் முன்னால் உறுதி சொல்கிறேன்.

சோமசேகரன் அண்ணே, அன்றைக்குக் கேட்டீர்களே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இல்லண்ணே. நான் பாக்கல.