சக்கை மேட்டில் ஆளைத் தேடிய இருதயசாமி மேஸ்திரிக்கு

ஜவ்வாது மலைமேல், கடுக்காயைப் பிழிந்து சாறெடுத்துத் தோல் பதனிடக் கீழே அனுப்பும் எங்கள் ஆலையிலே, வீணென்று வீச வேண்டிய சக்கையையே விறகாக்கி, பாய்லரில் எரித்து, நீராவியால் டைனமோவைச் சுழற்றி, இருண்டு கிடந்த மலைக்கு மின்விளக்கு ஏற்றிய ஏந்தலே! நித்தமும் நெருப்போடு நின்றும் நெஞ்சில் ஈரம் வற்றாத நேயரே! பாய்லர் மேஸ்திரி இருதயசாமி அவர்களே! வணக்கம், வணக்கம்!

நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்று கேட்பார்கள். உங்களைக் கோபப்படுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெந்துதான் போகும். ஆனாலும் அந்த வசவுக்குப் பின்னால் இருந்த அக்கறையை அறியாமல் பல காலம் உங்களை வைதோம்.

ஓய்வு பெறும் உங்களை ஆபீஸ் ஹாலில் அமர்த்தி வாழ்த்த அனுமதி கேட்டோம். கம்பெனிக் காகிதத்தில் நீங்கள் மேஸ்திரி இல்லையாம். மேஸ்திரி என்று போட்டு மடல் வாசிக்கக் கூடாதாம். போகட்டும். சக்கை உலர்த்தும் இந்தக் கொட்டகையே நமக்குச் சபை. புதிதாய் வேலைக்கு வந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். காகிதத்தில் போன பட்டம் எங்கள் வாயில் ஏன் போகவில்லை என்பதை அவர்கள் அறிய வேண்டும். ஆகையால் உங்களை முன்னே உட்கார வைத்துக்கொண்டே, உங்கள் கதையை அவர்களுக்குச் சொல்லப் போகிறோம். பொறுத்தருள வேண்டும்.

அவையோரே! இருதயசாமி மேஸ்திரி போளூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். ரயில் எஞ்சினில் கரி தள்ளிப் பழகியவர், ஆலை தொடங்கிய முப்பத்தேழாம் வருஷம் மலையேறி வந்தார். பாய்லரின் மூச்சைக் காதால் கேட்டே அதற்குப் பசியா, செரிமானக் கேடா என்று சொல்லிவிடுவார். ஆனால் பாய்லரைவிட அவர் பயந்தது வெளியே கிடந்த சக்கை மேட்டுக்குத்தான்.

பிழிந்த சக்கை ஈரமாய் வரும். காய்ந்ததும் காயாததுமாய் அதை மேடு கட்டினால் தானாகப் புழுங்கிச் சூடேறும். சில சமயம் உள்ளுக்குள் கனன்று, அடியில் குழி விழுந்து, மேலே வெறும் ஓடு மட்டும் நிற்கும். மேலே கால் வைத்தால் கதகதப்பு, உள்ளே கனல். மார்கழிக் குளிரில் இரண்டாவது கம்பளிக்கு வக்கில்லாத ஜனங்கள் அந்தக் கதகதப்பைத் தேடிப் போய்ப் படுப்பார்கள். மேஸ்திரியோ பொழுது சாயும்போதே நீளக் கம்பியோடு வந்துவிடுவார். மேட்டில் ஆழமாய்க் குத்தி, உருவி, முனையை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். சுட்டதென்றால் தொலைந்தோம்.

"இன்னா, மெத்தைனு நெனச்சியா? அடியில நெருப்பு கீதுடா! எழுந்து வூட்டுக்குப் போ!"

"வூட்டுல வெறைச்சுச் சாவறதுக்கு இங்கியே வெந்து சாவறேன் மேஸ்திரி," என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான் கருப்பன். சக்கை சுமக்கும் மலைக்காரன். வேலையிலும் விளையாட்டிலும் கெட்டிக்காரன். வாய் முகூர்த்தம் என்பார்களே, அது இத்தனை பொல்லாததா?

யுத்தம் மும்முரமாயிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம். பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும், தோலுக்கு எங்கள் சாறு வேண்டும். சக்கை மேடு பனைமர உயரம் ஏறியிருந்தது. கிறிஸ்துமஸ் பூசைக்கு ஊருக்குக் கிளம்பிய மேஸ்திரி, அன்றைய மானேஜர் கோபால்சாமியிடம் கைகட்டிச் சொன்னார்: "மேட்டுக்கு உள்ள சூடு புடிச்சிருக்குதுங்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் மேல வுடாதீங்க."

"குளிருக்கு அடக்கமா இருக்கட்டுமேய்யா. உனக்கு என்ன நஷ்டம்?" என்றார் மானேஜர். துரத்த ஆள் இல்லை என்றதும் கருப்பன் மேலே ஏறிப் படுத்தான். விடியும்போது அவன் படுத்த இடத்தில் ஒரு குழியும், குழியிலிருந்து புகையும்தான் இருந்தன.

சேதி எட்டியதும் பூசைக்கும் நில்லாமல், மறுநாள் உச்சிப் பொழுதுக்கு மேஸ்திரி மலையேறி வந்தார். கையில் பண்டிகைக்கு எடுத்த புது வேட்டி, மடிப்புக் கலையாமல். மேட்டடியில் கருப்பனின் மனைவி, சின்னக்குழந்தை என்பவள், மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். "எங்க வம்சத்துல யாரையும் எரிச்சதில்ல, மேஸ்திரி! மண்ணுக்குத்தான் குடுப்போம். அவர எனக்கு எடுத்துக் குடுங்க!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு நாள் பிந்திப் போயிருந்தால் என்ன என்று அவர் மனம் அவரையே அறுத்தது. இன்றைக்கும் அறுக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

மானேஜர் வேறு கணக்குப் போட்டார். மேட்டைப் பிரித்தால் காற்றுப் பட்டு மொத்தமும் பற்றிக்கொள்ளும். யுத்த வேலை நின்றுபோகும். "எப்படியும் வெந்து போனவன். வழக்கம்போல ஓரத்துல இருந்து சக்கையோட சேத்து வாரிப் பாய்லர்ல போடுங்க. அங்க எரிஞ்சா என்ன, இங்க எரிஞ்சா என்ன?"

மேஸ்திரி நேரே போய், பாய்லர் நெருப்பை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். நெருப்பு வாயின் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

"இந்தச் சக்கைக்குள்ள ஒரு ஆளு கீறாங்க. ஆளை எடுத்தப்புறம்தான் நெருப்பு."

"போலீஸைக் கூப்பிட்டு உள்ள தள்ளிடுவேன். வேலையும் போயிடும்."

"போவட்டுங்க. மனுசனைப் போட்டு எரிச்சு லைட்டு போடறதுக்கு நான் ஆளில்ல."

டைனமோ நின்றது. ஆலை இருண்டது. மேட்டின் மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வரிசை, மண்வெட்டியால் பிரிக்க ஒரு வரிசை என்று நிறுத்தி, கனலுக்குப் பக்கமாய்த் தானே நின்றார். சரிந்த சக்கையில் வலது கால் புதைந்து முழங்கால் வரை வெந்தது; அவர் இன்று விந்தி நடப்பது முதுமையால் அல்ல. ஆலை நின்றதால் கூலி நின்றது, கூலி நின்றதால் அடுப்பும் நின்றது. மூன்றாம் நாள் அவர் காதுபடவே பேசினார்கள்: "செத்தவனுக்காவ இருக்கறவன் வயித்துல அடிக்கிறாரே!" அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மண்வெட்டியை இன்னும் ஆழமாய்ப் போட்டார்.

அன்று மாலை கருப்பனின் வெள்ளி அரைஞாண் கிடைத்தது. அதைச் சுற்றிக் கிடந்ததையும் பொறுக்கி எடுத்தார்கள். ஆறடி ஆள்; ஒரு முறத்தில் அடங்கிவிட்டான். பாதி மேடு இன்னும் பிரிக்காமல் கிடந்தது. "இன்னும் கீது, இன்னும் தேடணும்," என்று புலம்பிக்கொண்டே மேஸ்திரி மறுபடி இறங்கப் போனார். சின்னக்குழந்தை குறுக்கே வந்து நின்றாள்.

"போதும் மேஸ்திரி. புள்ளைங்க பசியில கெடக்குதுங்க. கெடச்ச வரைக்கும் அவரு எனக்கு. மிச்சத்தைப் பத்த வைங்க."

அத்தனை பேர் எதிரிலும் மேஸ்திரி குழந்தை மாதிரி விம்மி அழுதார். முறத்தில் இருந்ததைத் தம் புது வேட்டியில் முடிந்தார். மலைச்சரிவில் குழி தோண்டி, அவள் கையால் முதல் மண்ணைப் போடச் சொன்னார். பிறகு நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, வேறு யாரையும் தொடவிடாமல், மிச்சச் சக்கையைத் தாமே பாய்லரில் வாரிப் போட்டுப் பற்ற வைத்தார். விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினோம்.

மானேஜர் அவரைப் போலீஸில் கொடுக்கவில்லை. பாய்லர் ஓட்ட வேறு ஆள் இல்லை. மேஸ்திரிப் பட்டத்தைப் பறித்து, சக்கை தள்ளும் கூலியாக எழுதிவிட்டார். அந்தக் கூலியாகவே இன்று ஓய்வு பெறுகிறார். மானேஜர் பெரிய வேலைக்கு மாறிப் போய்விட்டார். அவையோரே, கதை இவ்வளவுதான்.

மேஸ்திரி அவர்களே! உங்களுக்குச் சூட்டப் பொன்னாடை இல்லை, புகழ்ந்து பாடப் புலவரும் இல்லை. கனலில் நின்ற கால்கள் இனியேனும் நிழலில் நீண்டு இளைப்பாறட்டும்! பேரப்பிள்ளைகள் சூழ, பெருநோய் அண்டாமல், பல்லாண்டு வாழ்க என்று இந்த மடலை முடிக்க இருந்தோம். சின்னக்குழந்தை விடவில்லை. மங்கள காரியத்தில் சாவைப் பேசலாமா என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. ஆகவே அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்.

"நூறு வருஷம் இருக்கட்டும். போற அன்னிக்கு முழுசா போவணும். தலையில இருந்து கால் வரைக்கும், ஒண்ணும் கொறையாம, மண்ணுக்குப் போவணும். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டோம்.

உங்கள் வசவுக்கு ஏங்கப்போகும்,
ஆலைத் தொழிலாளர் அனைவரும்.
ஜவ்வாது மலை, 1949, தை மாதம்.