மிர்காவுக்குக் காட்டிய படம்

எனக்கு அழகான படங்கள் பிடிக்கும். நாள்காட்டி வாங்கினால்கூடப் பன்னிரண்டு மாதத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். அரசு வழக்கறிஞர் அம்மா, இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கிராக்கோவில் எங்கள் பாலிமர் ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி என் பொறுப்பு. நைலானில் களிமண் நுண்துகள் கலப்பது எங்கள் ஆராய்ச்சி. துகள்கள் தனித்தனியாகப் பரவினால் நூற்றுக்கு மூன்று பங்கு போதும், நைலான் உறுதியாகிவிடும். கூடுதலாகப் போட்டால் கட்டி தட்டும். ஒவ்வொரு கட்டியிலும் ஒரு விரிசல் காத்திருக்கும். புரொபசர் ஸவாட்ஸ்கிக்கு இது தெரியும். பிராகில் யாரோ ஐந்து பங்கு போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட வாரத்தில் மட்டும் மறந்துவிட்டது. எட்டு போடச் சொன்னார்.

அந்தக் கலவையில் மலையேறுபவர்கள் கயிற்றில் மாட்டும் கொக்கி ஒன்று வார்த்தோம். அமைச்சகத்தார் வரும் நாளில், அந்தக் கொக்கியை நம்பி ஒருவர் நான்காம் மாடியிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும் என்பது புரொபசரின் ஏற்பாடு. முதலில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்க்கலாமே என்று யாரோ கேட்டார்கள்.

"மூட்டை இறங்கினா எந்த மந்திரி கை தட்டுவாரு?" என்றார் புரொபசர்.

இறங்க ஒப்புக்கொண்டவள் மிர்கா. கலவை இயந்திரத்தை ஓட்டுபவள். விடுமுறை என்றால் தாத்ரா மலையில்தான் இருப்பாள். அவளுடைய பெயர்நாளன்று, அவள் பெயர் கொண்ட புனிதரின் திருநாளில், கசகசா கேக்கோடு என் அறைக்கு வந்தாள்.

"மெஷின்லேருந்து வரும்போதே கட்டி தட்டின கஞ்சி மாதிரி இருக்கு, டாக்டர். புரொபசர் பேச்சை நான் நம்பல. நீங்க பாத்து நல்லா இருக்குன்னு சொன்னா இறங்கறேன். விழுந்தா உங்க கார் மேலதான் விழுவேன், பாத்துக்குங்க."

அதோடு வார்த்த உதிரிக் கொக்கியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களைப் பார்த்தேன். இருநூற்றுப் பதினோரு இடங்களில் கட்டிகள். ஓர் இடத்தில் மட்டும் துகள்கள் தண்ணீரில் தூவிய இதழ்களைப் போல விலகி விலகிக் கிடந்தன. ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு படம்தான் போடுவார்கள். கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் பதினாறு வருடமாக நான்காவதாக வந்துகொண்டிருந்த என் பெயர் இந்தக் கட்டுரையில் இரண்டாவதாக வர இருந்தது.

அந்தப் படத்தை அவளுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எட்டு பங்கு போட்டதா இது? அழகா இருக்கே."

நன்றாகப் பரவியிருக்கிறது என்றேன். அந்தப் படத்தைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. கேக்கில் பெரிய துண்டை எனக்கு வைத்துவிட்டுப் போனாள்.

நிகழ்ச்சி அன்று என் காரை அடுத்த தெருவில் நிறுத்தினேன். விருந்தினர்களுக்கு இடம் வேண்டுமே.

மூன்றாம் மாடி உயரத்தில் கொக்கி உடைந்தது. எங்கள் முற்றம் கருங்கல் பாவியது. துணை அமைச்சர் அதற்குள் கைதட்டத் தொடங்கியிருந்தார்; நிறுத்த அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

உடைந்த கொக்கியை ஆராயும் பொறுப்பை நிர்வாகம் எனக்கே கொடுத்தது. வேறு யாருக்கு அந்தக் கருவி தெரியும்? விரிசல் தொடங்கிய இடத்தில் தலைமுடித் தடிமனுக்கு ஒரு களிமண் கட்டி. முதல் பார்வையிலேயே தெரிந்தது. கருவியைக் கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் ஒரு நல்ல இடத்தைப் படமெடுத்தேன். பொருளில் குறையில்லை, கொக்கியைத் தவறாக மாட்டியிருக்கிறார் என்று எழுதினேன். புரொபசர் 'தவறாக' என்பதை அடித்துவிட்டு 'அவசரத்தில்' என்று திருத்தினார். இறந்தவர்களிடம் கண்ணியம் காட்ட வேண்டும் என்றார்.

மிர்காவின் கணவர் ஷிமோன் டிராம் ஓட்டுகிறார். சீருடையோடு வந்து என் அறை வாசலில் நின்றார். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவள், எப்படித் தப்பாக மாட்டினாள் என்று கேட்டார். உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, இரண்டாவது படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்பட்டுட்டா போல. நீங்க ஒருத்தராவது பொறுமையா பாத்தீங்களே, டாக்டர்."

அதை நான் மறுக்கவில்லை, அம்மா. பார்த்தது உண்மைதானே.