உரல் பழக்கிய மாவு

“ஹலோ… கேக்குது, சொல்லுங்க… என்னது, வந்துட்டாகளா? சாயங்காலந்தானய்யா வாரேன்னாக!”

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஜெயக்கொடி, பூக்காரரை அப்படியே விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். மகள் முத்துமீனாவை இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். தட்டிப்போன இடங்கள் போதும், இதுவாவது அமையட்டும் என்று அவள் வேண்டாத சாமியில்லை. ஒத்தக்கடை வீட்டில் மகளும் புருஷன் நல்லகாமனும்தான் இருந்தார்கள். போனில் கூப்பிட்டது அவன்தான்.

“சரி, சரி… காபி குடுத்தீகளா?… டிபனா? நீங்களா செஞ்சீக?… ஆமா, ஆமா, புட்டு நல்லாத்தான் அவிப்பீக… என்ன மாவு?… கருப்புக்கவுனியா? நம்ம வீட்ல ஏதுய்யா கருப்புக்கவுனி?… எந்தச் சம்படம்?… அடுப்பு மேடைக்குக் கீழ… ஐயையோ!”

பூக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“யோவ், அது உரல் பழக்குன மாவுய்யா!… எந்த உரலா? புதுசா வாங்கியாந்தேனே, இரும்பு இடி உரலு, அதுதான்… பச்சரிசியும் கல்லுப்பும் போட்டு இடிச்சு, கசடெல்லாம் வழிச்சு எடுத்தது… ஆமா, கருப்பாத்தான் இருக்கும். துருவும் மிஷின் ஆயிலும் வெள்ளையாவா இருக்கும்?… கோழி கொத்திரக் கூடாதுன்னு மூடி வச்சேன்யா, கோழி!”

அந்த மாவை வழித்த கை சோப்புப் போட்டுக் கழுவியும் நாள் முழுக்க நாறியிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“நீங்க வாயில வச்சுப் பாத்தீகளா?… ம்… ம்… துப்பிட்டீகளா?… துப்பிட்டு, அதுல நாட்டுச்சக்கரையும் தேங்காயும் அள்ளிப்போட்டு அவுகளுக்கு வச்சீகளா? தூ! மனுசனாய்யா நீ?… என்னது, முத்துமீனா செஞ்சான்னு வேற சொன்னியா?… அவ எங்க?… சேலை கட்டிட்டு இருக்காளா…”

கட்டிக்கொண்ட நாளிலிருந்தே இந்த மனுஷனுக்கு வாயில் வந்ததுதான் பேச்சு. இன்றைக்கு மகள் பெயரையும் சேர்த்து நாறடித்துவிட்டான்.

“ரசிச்சுத் தின்னாகளா? எப்பிடித் தெரியும்?… மாப்பிள்ளையோட அம்மா கொஞ்சம் மாவு கேட்டாகளா?… மாசமா இருக்க மகளுக்கா இருக்கும்னு பொட்டலமும் கட்டிட்டியா! அட பாவி… சொல்லாம எப்பிடிய்யா இருக்கிறது? மாசமான புள்ள வயித்துக்குள்ளல்ல போகப் போகுது… சம்பந்தம் போனாப் போகட்டும். போனை அந்தம்மாகிட்ட குடு… குடுய்யா!”

ஜெயக்கொடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இந்த இடமும் போச்சு, இனிமேல் ஊரெல்லாம் இந்தப் புட்டுக் கதைதான் என்று நினைத்தாள்.

“மதினி… கும்புடுறேன் மதினி, நான் முத்துமீனா அம்மா… அந்தப் புட்டைக் கீழ வச்சிருங்க… கவுனியுமில்ல, கருமமுமில்ல. புது இரும்பு உரல்ல இடிச்சுக் கழிச்ச மாவு… ஆமா மதினி, ஆமா, குப்பையில கொட்ட வேண்டியது… உங்க மகளுக்குக் குடுத்திராதீக… என்னது? மகளுக்கு இல்லையா?… டாக்டருகிட்ட காட்டவா?… உங்களுக்கு வாயெல்லாம் ஆயிலு வாடையா… அப்பறம் எதுக்கு நல்லாருக்குன்னீக?… ஓ… பொண்ணு செஞ்சதுன்னு சொன்னதால மொகத்துக்கு நேரா சொல்லலையா…”

வெட்கத்தில் அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

“இல்ல மதினி! அவ செய்யல. அவ அப்பன் செஞ்ச வேலை… சத்தியமா… என் புள்ளைக்கு அப்பிடி ஒரு மாவு இருக்கிறதே தெரியாது… ஆமா… ஆமா… அவ செய்யலைன்னா உங்களுக்குப் போதுமா?… நெசமாவா மதினி?… மேல பேசலாமா?… இந்தா, ஓடியாரேன்… யாரு, உங்க வீட்டுக்காரரா? அண்ணனுக்கு என்ன?… ரெண்டாவது தட்டு வாங்கித் திங்கிறாகளா!… நீங்க இப்பச் சொன்னதைக் கேட்டுமா?… உப்பும் இனிப்புமா நல்லாருக்காமா?… அடக் கருமமே! தட்டப் புடுங்குங்க மதினி, தட்டப் புடுங்…”

அந்தப் பக்கம் ஒரு தட்டு உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.